சக்கரமும் சம்பந்தியும்

என் நாத்தனார் உட்கார்ந்து தேய்ந்த நாற்காலி என்று எங்கள் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. டீயை நின்றுகொண்டுதான் குடிப்பாள். காலி டம்ளரைக் கழுவும் இடத்தில் வைக்கப் போகிறவள் அப்படியே பின்வாசல் வழியாக வெளியே போய்விடுவாள். பேச்சில் பாதி என்னிடம் இருக்கும், மீதி பாதி தெருவில் போய்க்கொண்டிருக்கும். இவள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், சின்ன வயதில் ஒருமுறை சொல்லப்போக, சக்கரம் என்பதே பெயராக நிலைத்துவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்ப்பாள்.

அவள் பார்க்காத வேலை இல்லை. ரொட்டிக் கடையில் மாவு பிசைந்தாள், பஸ்ஸில் டிக்கெட் கிழித்தாள், ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டி தள்ளினாள். எந்த வேலையிலும் அவளைக் குறை சொல்ல முடியாது. வேலை கைக்குப் படிந்தவுடன் அலுத்துவிடும், அவ்வளவுதான். கல்யாணமும் செய்து பார்த்தாள். அவர் தங்கமான மனுஷர். உட்கார்ந்த இடத்தை விட்டு எழமாட்டார். "இவர்கூட இருந்தா எனக்கு வேர் முளைச்சிடும் அண்ணி" என்று ஒரு நாள் கிளம்பி வந்தவள் வந்தவள்தான். அவர் கோபித்துக்கொண்டு பின்னால் வரவில்லை. வருவதற்கு முதலில் எழுந்திருக்க வேண்டுமே.

நான் வீட்டின் முன்னறையில் லாரிகளுக்கு சீட் கவர் தைக்கிறவள். இருந்த இடத்தில் காலால் மிதித்தே பிழைப்பு நடத்துகிறேன். அதனால் அவளைக் கண்டாலே எனக்குக் கொஞ்சம் பொறாமை, கொஞ்சம் எரிச்சல். எது எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை.

ஊருக்கு வெளியே ஒரு குதிரைப் பண்ணைக்கு வேலி போடப் போனவள், பண்ணைக்காரரை நச்சரித்து ஒரு பெண்குதிரையை வாங்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள். நின்றாள் என்று சொல்வது தவறு. குதிரைதான் நின்றது, இவள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். செம்பழுப்பு உடம்பு, வெளுத்த பிடரி, அகன்ற மார்பு, குட்டை முதுகு. குதிரை என் தையல் மெஷினைப் பார்த்தது, கதவைப் பார்த்தது, என்னை மேலும் கீழும் பார்த்தது. பிறகு சொல்வதற்கு ஒன்றுமில்லை என்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"இது என்ன, சம்பந்தியம்மா மாதிரி பாக்குது?" என்றேன்.

என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து அந்தக் குதிரை எங்களுக்குச் சம்பந்திதான்.

"இத வச்சு என்ன பண்ணப்போற?" என்று அவர் தங்கையைக் கேட்டார்.

"எது வேணா பண்ணலாம்ண்ணே. இது மூணு வேலைக் குதிர."

வாசலுக்கும் கேட்டுக்கும் நடந்துகொண்டே அதன் பூர்வோத்தரத்தைச் சொன்னாள். இந்த இனத்துக்கு ராஜபரம்பரைப் பெருமை எதுவும் கிடையாதாம். ஆற்றங்கரைச் சமவெளியில் குடியானவர்களிடம் உழவுக்கென்று பெரிய பெரிய குதிரைகள் இருந்தன. வலு உண்டு, ஆனால் தீனி போட்டு மாளாது. ஏதோ ஒரு போரில் அந்த வழியாகப் போன படை, காலொடிந்ததும் களைத்ததுமான தன் சவாரிக் குதிரைகளை அங்கேயே விட்டுவிட்டுப் போனது. மலையிலிருந்து உப்பு ஏற்றி இறங்கும் மட்டக் குதிரைகளும் அங்கே வந்துபோயின. உழவுக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, அவசரத்துக்கு டாக்டரைக் கூட்டி வர ஒன்று என்று மூன்று குதிரைகளைக் கட்டித் தீனி போட எந்த வீட்டிலும் வழியில்லை. காலையில் ஏர் இழுத்து, மதியம் வண்டி இழுத்து, சாயங்காலம் முதுகில் ஆளையும் ஏற்றிக்கொள்ளும் ஒரே குதிரை வேண்டியிருந்தது. மூன்றில் எதற்கு முகத்தைச் சுளித்தாலும் அந்தக் குதிரையிடம் குட்டி எடுக்கமாட்டார்கள். யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கழித்துக் கழித்து மிஞ்சியதுதான் இது. உழவுக் குதிரையிடமிருந்து மார்பும் கழுத்தும், படைக் குதிரையிடமிருந்து நடையும், மலைக் குதிரையிடமிருந்து கல்லுக்குத் தேயாத குளம்பும் அரை வயிற்றுப் பசியும் இதற்கு வந்து சேர்ந்தன.

இன்னொரு குணத்தையும் சொன்னாள். மேலே எதைப் போடுகிறோமோ அதை வைத்துத்தான் இன்றைக்கு என்ன வேலை என்று இந்தக் குதிரை தெரிந்துகொள்ளும். சேணம் போட்டால் முட்டைக் கூடையைச் சுமக்கிற மாதிரி நடக்கும். வண்டியின் வார் போட்டால் வாசலுக்கு வாசல் தானாக நிற்கும். கழுத்தில் வளையம் மாட்டினால் இழுவைதான், வேறு நினைப்பே இருக்காது. வளையம் என்பது உள்ளே வைக்கோல் திணித்து மேலே தோல் சுற்றிய தடித்த வட்டம். அது கழுத்தைச் சுற்றித் தோளில் உட்காரும். அதில் சங்கிலியைக் கோத்துத்தான் மரத்தை இழுப்பார்கள்.

"சட்டைய மாத்தினா ஆளே மாறிடுற போலீஸ்காரன் மாதிரின்னு சொல்லு" என்றார் என் வீட்டுக்காரர்.

முதல் வேலை காட்டில். டிராக்டர் ஏற முடியாத சரிவில் வெட்டிப்போட்ட மரங்களைச் சம்பந்தி இழுத்து வந்து பாதையில் சேர்க்க வேண்டும். சுற்றிலும் மெஷின் ரம்பங்கள் அலறுகிற இடத்தில் வாயால் சொல்வது எதுவும் காதில் விழாது. அதனால் சக்கரம் ஒரு பழக்கம் பண்ணி வைத்தாள். குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் கூட நடக்கிற ஆள் அதற்கு எப்போதும் தெரியும். இவள் நடந்தால் அது இழுக்கும். இவள் வேகம் கூட்டினால் அதுவும் கூட்டும். இவள் நின்றால் நின்றுவிடும். ஒரு தடவை நான் சாப்பாடு கொண்டுபோனபோது அதைப் பார்த்தேன். அவள் காலைப் பார்த்தபடியே அவ்வளவு பெரிய உடம்பு நகர்ந்து வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. இவளை நம்பி நிற்கப் பழகிய ஜீவன் உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

காடு அலுத்தது. லாரி நுழையாத சந்துகளில் சம்பந்தியை வண்டியில் பூட்டிக் குப்பை அள்ளினாள். சந்துகளும் அலுத்தன. பழத்தோட்டத்தில் வரிசைகளுக்கு நடுவே உழுதாள். அதுவும் அலுத்து, மலைமேல் இருக்கிற ஏதோ ஆராய்ச்சிக் கூடத்துக்குச் சாமான் ஏற்றிப் போனாள். சம்பந்தி எதற்கும் மாட்டேன் என்றதில்லை. முகத்தை மட்டும் ஒரு மாதிரி வைத்துக்கொள்ளும்.

"என் லாரிக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும். அதனால நான் பொழச்சேன்" என்பார் என் வீட்டுக்காரர். "உன் குதிரைக்கு எல்லாம் தெரியுது. அதனாலதான் நீ உருப்பட மாட்டேங்கற."

அப்படிச் சொன்னவர்தான் ஒரு நாள் லோடு இறக்கிவிட்டு வண்டியிலிருந்து இறங்கும்போது அப்படியே சரிந்தார். இடது கை, இடது கால், வாயின் இடது ஓரம் எல்லாம் போய்விட்டது. உயிர் தப்பியதே பெரிது என்றார்கள் ஆஸ்பத்திரியில். வீட்டுக்குக் கொண்டுவந்து, ரோடு தெரியட்டும் என்று ஜன்னல் ஓரமாகக் கட்டிலைப் போட்டேன். வெளியே கனமான வண்டி எதுவும் போனால் போர்வைக்குள் அவருடைய வலது கால் ஆக்சிலேட்டரை மிதிக்கும்.

பிசியோதெரபி மேடம் ஒருத்தர் வந்தார். யாரும் பிடிக்காமல், சாயாமல் உட்காருகிற பலம் முதலில் வரவேண்டும் என்றார். அது வந்தால்தான் நிற்பது, நடப்பது எல்லாம். இந்த மாதங்களில் விட்டுவிட்டால் உடம்பு அதை மறந்துவிடும், அப்புறம் ஆயுசுக்கும் படுக்கைதான் என்றும் ஒளிக்காமல் சொன்னார். இவர் கொஞ்ச நாள் முயன்றார். ஒவ்வொரு தடவையும் இடது பக்கமாகச் சரிந்தார். பிறகு முயற்சியையே விட்டுவிட்டார்.

"விடும்மா, வண்டி கண்டம் ஆயிடுச்சு" என்றார் என்னிடம். உதிரிபாகத்துக்குக்கூட ஆகாமல் ஒதுக்கிப்போடும் லாரியைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

சக்கரம் தினமும் வந்தாள். வந்து நிலைப்படியைத் தாண்டமாட்டாள். அண்ணனை ஒரு பார்வை பார்ப்பாள். உடனே ஒழுகுகிற குழாயை முடுக்குவாள், ஜன்னல் கண்ணாடியைத் துடைப்பாள், போய்விடுவாள். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"கொஞ்ச நேரம் அவர் பக்கத்துல உக்காந்தா உனக்கு என்ன கொறஞ்சா போயிடும்?"

"முடியல அண்ணி. அண்ணன் அசையாம கெடக்கறத பாத்தா எனக்கு மூச்சு முட்டுது."

"எனக்கு மட்டும் குளுகுளுன்னு இருக்கா?"

துடைத்த துணியைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்கு நான் தைத்த கவர் முழுக்கக் கோணல். அழுதுகொண்டே பிரித்துத் தைத்தேன்.

சக்கரம் அடுத்து வந்தபோது மூச்சு வாங்க ஒரு சேதி வைத்திருந்தாள். அதே மேடம் வேலை பார்க்கிற பயிற்சி இல்லத்தில் நோயாளிகளைக் குதிரைமேல் உட்கார வைக்கிறார்களாம். குதிரை நடக்க நடக்க நம் இடுப்பு தானே நடக்கிற மாதிரி அசையும், அதில் உடம்புக்கு நிதானம் திரும்புமாம். அங்கே இருந்த கிழட்டுக் குதிரைக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இவள் சம்பந்தியை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தியிருக்கிறாள். மேடம் அதன் முகத்துக்கு நேரே குடையை விரித்துப் பார்த்தார், பந்தை எறிந்து பார்த்தார், சக்கர நாற்காலியை முட்டவிட்டுப் பார்த்தார். சம்பந்தி எல்லாவற்றையும் எங்கள் வீட்டைப் பார்த்த அதே பார்வை பார்த்ததாம். எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

"நான் என்ன ராஜாவா, குதிரைல ஏறி உலா போக?" என்றார் இவர்.

"ராஜா இல்ல, கண்டம் ஆன வண்டி. கட்டி இழுத்துட்டுப் போக வந்திருக்கேன். கெளம்பு" என்றாள்.

வாயின் வலது ஓரம் சிரித்தது. கிளம்பினார்.

பயிற்சி இல்லத்தில் மரத் தடுப்பு போட்ட மணல் வட்டம் ஒன்று இருந்தது. சாய்வு மேடையிலிருந்து அவரைச் சம்பந்தியின்மேல் உட்கார வைப்போம். ஒரு பக்கம் நான், மறுபக்கம் ஓர் உதவியாளர், முன்னால் சக்கரம் கயிற்றைப் பிடித்துக்கொள்வாள். சேணம் போட்ட சம்பந்தி முட்டைக் கூடை நடைதான் நடந்தது. குறை அதனிடம் இல்லை. இவர் விறைத்துப்போய் உட்கார்ந்திருப்பார். வலது கை காற்றில் எதையோ துழாவும். பாதி வட்டம் போவதற்குள் இடது பக்கம் சரிந்து என் தோளில் விழுவார். "எறக்குங்க" என்பார். ஒவ்வொரு முறையும் இதே கதைதான்.

மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவருக்கே மனசு இல்லாதப்ப நான் கட்டாயப்படுத்த முடியாதும்மா. காத்துட்டு இருக்கறவங்க நிறைய பேர்" என்றார். இவரும் வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார். "நாளைக்கு ஒரு தடவ வர்றேன், உங்களுக்காக. அதோட சரி. அப்புறம் என்ன விட்டுடுங்க." விட்டுவிடுவது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஜன்னல், கட்டில், போர்வைக்குள் மிதிக்கிற அந்தக் கால், வாழ்நாள் முழுக்க.

சக்கரம் முன்னறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். என் மெஷினைச் சுற்றினாள், துணிக்கட்டைத் தாண்டினாள், மறுபடி சுற்றினாள்.

"அண்ணி, அண்ணனோட கை எதத் தேடுதுன்னு கவனிச்சீங்களா?"

"எதத் தேடுது?"

"ஸ்டியரிங்க."

மறுநாள் அவள் காட்டு வேலைக்குப் போட்ட வளையத்தைக் கொண்டுவந்திருந்தாள். வட்டமாக, தடியாக, தோல் சுற்றியதாக இருந்த அதைப் பார்த்ததும் அட, ஆமாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. மேடம் யோசித்தார். இது எதற்கு என்று கேட்டார்.

"பிடிச்சுக்கதான் மேடம். பின்னால சங்கிலி இல்ல, சுமை இல்ல. வெறும் வளையம்" என்றாள் சக்கரம். மேடம் அதை ஆட்டிப் பார்த்து, இழுத்துப் பார்த்து, ஒரே ஒரு சுற்று என்று சம்மதித்தார். வளையம் கழுத்தில் ஏறியதும் சம்பந்தியின் காதுகள் விறைத்து நின்றதை நான் பார்த்தேன். அதற்கு அர்த்தம் இருக்கும் என்று எனக்கு எங்கே தெரியும்? தெரிந்திருக்க வேண்டியவள் அவசரத்தில் இருந்தாள்.

அவரை ஏற்றினோம். வலது கையால் வளையத்தின் மேல்பக்கத்தைப் பற்றினார். இடது கையைச் சக்கரம் எடுத்து மறுபக்கம் வைத்தாள். அவருடைய முகமே மாறிவிட்டது. முதுகு நிமிர்ந்தது. முன்னால் ஒரு ரோடு இருப்பதுபோலப் பார்த்தார்.

"கியர் எங்க?" என்றார்.

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் அடித்த ஜோக். நான் சிரித்தேன், கூடவே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கையில் கயிறு இடைஞ்சலாக இருக்கிறது என்று அதைச் சம்பந்தியின் கழுத்தில் சுற்றிவிட்டு, காட்டில் நடக்கிற மாதிரி சக்கரம் பக்கத்தில் நடந்தாள். பாதி வட்டம் அருமையாகப் போனது. திருப்பத்தில் அவர் லேசாகப் பின்னால் சாய்ந்தார். விழாமல் இருக்க வளையத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

இழுவைக் குதிரை சங்கிலியைப் பார்த்து வேலை செய்வதில்லை. தோளில் வளையம் அழுந்தினால் பின்னால் மரம் இருக்கிறது என்று அர்த்தம். சம்பந்தி தலையைத் தாழ்த்தியது. பின்னங்கால்களை மணலில் ஊன்றி ஒரே எக்காக எக்கியது. என் கை நழுவியது. உதவியாளர் குப்புற விழுந்தார். இவர் பயத்தில் இன்னும் பலமாக வளையத்தை இழுக்க, மரம் கனக்கிறது என்று அது இன்னும் பலமாகப் பாய்ந்தது. எதிரே, அடுத்த நோயாளியின் வேன் வருவதற்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அதற்கு அப்பால் சிமெண்டுச் சரிவு, சரிவின் முடிவில் ரோடு.

எல்லாரும் கத்திக்கொண்டு ஓடினோம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே, அப்படியே ஓடினேன். சக்கரம்தான் எல்லாருக்கும் முன்னால். குதிரைக்குப் பக்கத்தில், கைகளை நீட்டிக்கொண்டு, "நில்லு, நில்லு" என்று அலறியபடி ஓடினாள். அவள் ஓட ஓடச் சம்பந்தி இன்னும் வேகமாகப் போனது. குதிரைமேல் அவருடைய தலை இப்படியும் அப்படியும் ஆடியது.

அப்போது சக்கரம் நின்றுவிட்டாள்.

ஓடிக்கொண்டிருந்தவள் சட்டென்று மணலில் இரண்டு காலையும் ஊன்றி நின்றாள். கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டாள். கண்களை இறுக மூடிக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்தில் கண் இருட்டியது. வாழ்நாளெல்லாம் ஒரு இடத்தில் நில் என்று கெஞ்சியும் நிற்காதவள், அவளுடைய அண்ணனைக் குதிரை இழுத்துக்கொண்டு போகும்போதா நிற்கவேண்டும்?

"பாவி! இப்பப் போய் நிக்கறியே!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

சம்பந்தியும் நின்றது. கதவு வாயில், இரண்டு முன்னங்கால்களும் சிமெண்டைத் தொடுகிற இடத்தில், காட்டில் எப்படி நிற்குமோ அப்படி நின்றது. பக்கவாட்டுக் கண்ணால் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு அந்தக் காடும், ரம்பச் சத்தமும், அவள் காலைப் பார்த்தே நகர்ந்த அந்தப் பெரிய உடம்பும் நினைவுக்கு வந்தன. கத்திய வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

சக்கரம் அசையவில்லை. ஒரு விரலை அசைத்தாலும் குதிரை நகர்ந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். பார்த்தால் ஓடிவிடுவோம் என்றுதான் கண்ணையும் மூடியிருக்கிறாள்.

"அண்ணி" என்றாள், கண்ணைத் திறக்காமல். "அண்ணன் விழுந்துட்டாரா?"

அவரிடம் ஓடினேன். அவர் விழவில்லை. குதிரைமேல் உட்கார்ந்திருந்தார். முகத்தில் வியர்வை கொட்டியது, மூச்சு இரைத்தது, ஆனால் நேராக உட்கார்ந்திருந்தார். வலது கை வளையத்தை இறுகப் பற்றியிருந்தது. இடது கையும் அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. பிடித்திருந்ததா, சும்மா கிடந்ததா என்று எனக்குத் தெரியாது.

மேடம் வெளுத்த முகத்தோடு வந்து சேர்ந்தார். "முதல்ல எறக்குங்க. மெதுவா, ரெண்டு பக்கமும் பிடிங்க" என்றார்.

"எறங்கல" என்றார் இவர்.

"என்னங்க…"

"யாரும் என்ன பிடிக்கல." என்னைப் பார்த்தார். "அந்தத் திருப்பத்துலேருந்து இங்க வரைக்கும் யாரும் பிடிக்கல. பாத்தியா நீ?"

"பாத்தேங்க."

"இன்னொரு ரவுண்டு."

மேடம் அவருடைய முதுகையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சம்பந்தியின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து, கையில் இறுகச் சுற்றிக்கொண்டு, அதைத் திருப்பி மணலுக்குக் கொண்டுவந்தார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். என்னை ஒரு பக்கமும் உதவியாளரை மறுபக்கமும் அவருடைய தொடையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். எல்லாம் முடிந்ததும், இன்னமும் கண்ணை மூடி மணலில் நட்ட கம்பாக நின்றுகொண்டிருந்த என் நாத்தனாரிடம் போனார்.

"உங்களால மெதுவா நடக்க முடியுமா?" என்று கேட்டார்.

சக்கரம் கண்ணைத் திறந்தாள். முதலில் அண்ணனைப் பார்த்தாள். பிறகு தன் கால்களைக் குனிந்து பார்த்தாள்.

"தெரியல மேடம்" என்றாள்.

ஒரு காலை எடுத்து வைத்தாள். சம்பந்தி ஒரு காலை எடுத்து வைத்தது. அடுத்த காலை வைக்க அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் ஒரு சீட் கவரையே தைத்து முடித்திருப்பேன். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்கக்கூடக் கையைத் தூக்கவில்லை. அவளைச் சொன்ன சொல்லையெல்லாம் திருப்பி எடுத்துக்கொள்ள முடிந்தால் அந்த இடத்திலேயே எடுத்துக்கொண்டிருப்பேன். திருப்பம் வந்தது. இவர் சாயவில்லை. என் கைக்கு அங்கே வேலையே இல்லை.

"கொஞ்சம் வேகமாத்தான் போயேன்" என்றார் இவர், தங்கையிடம்.

"பேசாம உக்காருண்ணே" என்றாள் சக்கரம், அடுத்த காலை எடுத்து வைக்காமல், அவர் நிமிர்ந்து உட்காரும்வரை நின்றுகொண்டு.